என் பலகைக்கு வராத அழைப்புகள்

“கண் டாக்டர் இன்றைக்கு இருக்கிறாரா அம்மா?”

பத்தொன்பது ஆண்டுகளாக நாள் தவறாமல் என் காதில் விழும் கேள்வி இது. காவிரி டெல்டாவில் ஓர் அரசு மருத்துவமனையின் தொலைபேசிப் பலகையில் நான் வேலை பார்க்கிறேன். எனக்குப் பார்வை இல்லை. ஆறு வயதில் போயிற்று. தஞ்சாவூரில் பார்வையற்றோர் பள்ளியில் படித்து, தொலைபேசி இயக்கும் பயிற்சி எடுத்து, இந்த நாற்காலிக்கு வந்தேன். அறுபத்து நான்கு எக்ஸ்டென்ஷன் எண்களும் எனக்கு மனப்பாடம். பிரசவ வார்டில் போனை எடுப்பவர் வாயைத் திறப்பதற்கு முன்பே, மூச்சு விடும் விதத்தில் ஆளைச் சொல்லிவிடுவேன்.

என் ஊர் நீடாமங்கலத்துக்குப் பக்கம். வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று ஆறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்பு எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். ஜூன் 12 அன்று மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று செய்தியில் கேட்டால், அடுத்த வாரம் முழுவதும் விடியற்காலையில் வாசலில் நின்று காது கொடுப்பேன். ஷட்டரில் தண்ணீர் விழும் ஓசை கேட்டுவிட்டால் குறுவைக்கு ஊர் எழுந்துவிட்டது என்று பொருள். அதோடு என் பலகைக்கு வரும் அழைப்புகளும் மாறும். வரப்பில் நடந்தபோது பாம்பு கடித்துவிட்டது, மருந்து இருக்கிறதா? உரமூட்டை தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டது, எலும்பு டாக்டர் எந்தக் கிழமை? தண்ணீர் வந்தால் இந்தக் கேள்விகளும் கூடவே வரும்.

அவற்றுக்கான பதில்களைப் பிரெய்லியில் எழுதி வைத்திருக்கிறேன். ஸ்லேட்டில் தடித்த தாளைச் செருகி, ஸ்டைலஸால் வலமிருந்து இடமாகக் குத்திக்கொண்டு போக வேண்டும். தாளைத் திருப்பினால் புள்ளிகள் எழும்பி, இடமிருந்து வலமாகப் படிக்கக் கிடைக்கும். எந்த டாக்டர் எந்தக் கிழமை வருவார், சர்க்கரை மாத்திரை எப்போது கொடுப்பார்கள், ஸ்கேன் எடுக்க எத்தனை மணிக்கு வரவேண்டும், மாற்றுத்திறனாளிச் சான்றுக்கான முகாம் எப்போது என்று எல்லாம் அந்தத் தாள்களில் இருக்கிறது. யாராவது விடுப்பில் போனால் அந்த வரியை விரல் நகத்தால் அழுத்தித் தேய்த்து அழித்துவிட்டுப் புதிதாகக் குத்துவேன்.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் அலுவலகத்தில் ஒரு செய்தி சொன்னார்கள். எங்கள் பகுதியின் பொதுச் சுகாதாரச் சேவைகளுக்கெல்லாம் சேர்த்துப் புதிய இணையதளம் வருகிறது. மருத்துவமனை, ஆரம்ப சுகாதார நிலையங்கள், தடுப்பூசி முகாம், முன்பதிவு எல்லாம் அதிலேயே இருக்கும். “இனி உங்களுக்கு வேலை குறையும்” என்று ஒருவர் அன்போடுதான் சொன்னார். எக்ஸ்டென்ஷன் எண்களை வாங்கிப் போக, அந்தத் தளத்தை வடிவமைக்கும் இளைஞர் என் அறைக்கு வந்தார். கும்பகோணத்துப் பிள்ளை. என்னை அக்கா என்றார், நான் தம்பி என்றேன்.

எண்களைச் சொல்லி முடித்ததும், “தம்பி, உன் தளத்தை நான் ஒருமுறை பார்க்கலாமா?” என்று கேட்டேன். பார்ப்பது என்றுதான் நாங்களும் சொல்வோம். என் மேசைக் கணினியில் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இருக்கிறது. 2006-ல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் தொடங்கிய மென்பொருள் அது. இலவசம். தமிழும் படிக்கும். தம்பி முகவரியைத் தட்டினார். “இப்போது திரையை அணைத்துவிடு. நீயும் என்னோடு கேள். கண் டாக்டர் என்றைக்கு வருகிறார் என்று மட்டும் கண்டுபிடிப்போம்” என்றேன்.

அந்தக் கணினிக் குரல் சொன்னதை இப்போதும் என்னால் அப்படியே சொல்ல முடியும். “படம், ஐஎம்ஜி அடிக்கோடு 4471. படம், ஐஎம்ஜி அடிக்கோடு 4472. படம், ஐஎம்ஜி அடிக்கோடு 4473.” முகப்பில் ஐந்து படங்கள் தாமாகவே மாறிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் மாறும்போது, நான் படித்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து வாசிப்பான் வழுக்கி மேலே போய்விடும். அவற்றைக் கடந்து வந்தால் ஓடும் செய்தி. அதற்கும் கீழே “இங்கே சொடுக்கவும், இங்கே சொடுக்கவும், இங்கே சொடுக்கவும்” என்று ஒன்பது முறை. எதற்காகச் சொடுக்க வேண்டும் என்பது பக்கத்தில் உள்ள படத்தில் இருந்ததாம். அந்தப் படத்துக்குப் பெயர் இல்லை. கண்ணுள்ளவர் ஒரு பக்கத்தை மேலோட்டமாகப் பார்த்து வேண்டிய இடத்துக்குப் போவதுபோல, நாங்கள் ஹெச் விசையை அழுத்தி ஒரு தலைப்பிலிருந்து அடுத்த தலைப்புக்குத் தாவுவோம். அழுத்தினேன். தலைப்புகள் இல்லை என்றது. கண்ணுக்குத் தலைப்பாகத் தெரிந்தவையெல்லாம் வெறும் பெரிய எழுத்துகள். தலைப்பு என்று கணினிக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

எப்படியோ தேடி, ‘மருத்துவர்கள் வரும் நாட்கள்’ என்ற இணைப்பைப் பிடித்தோம். என்டர் அழுத்தினேன். ஒரு கோப்பு திறந்தது. வாசிப்பான், “வெற்று” என்றது. கீழே போனேன். “வெற்று.” அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த தாளை யாரோ செல்போனில் படம் எடுத்து, அதைப் பிடிஎஃப் ஆக்கி ஏற்றியிருக்கிறார்கள். கண்ணுக்கு அதில் முப்பது வரி. காதுக்கு ஒன்றுமில்லை. மாற்றுத்திறனாளிச் சான்று முகாமின் தேதியும் அந்தப் படத்துக்குள்தான் இருந்தது. யாருக்காக முகாமோ அவர்களில் ஒருவருக்கு அதைப் படிக்க வழியில்லை.

இன்னொரு பக்கத்தில் குரல் திடீரென்று ஆங்கில எழுத்துகளைக் கொட்டத் தொடங்கியது. “கே, யு, ஜே, அரைப்புள்ளி, ஜே, டி, கே, ஐ, டி.” தம்பிக்குப் புரியவில்லை. எனக்கு உடனே புரிந்துவிட்டது. அது ‘மருத்துவமனை’. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தது. அந்த எழுத்துருவில் ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவம் போர்த்தியிருப்பார்கள். கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான். 2010-லேயே தமிழக அரசு யூனிகோடுக்கு மாறச் சொல்லிவிட்டது. ஆனால் பழைய கோப்பிலிருந்து வெட்டி ஒட்டும் பழக்கம் இன்னும் போகவில்லை. எனக்கு அந்தக் கொச்சை ஒலியைக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது. பல ஊர்களின் பெயரை இப்படித்தான் நான் ஊகித்துப் படித்திருக்கிறேன்.

கடைசியாக முன்பதிவுப் படிவத்துக்குப் போனோம். “எடிட், வெற்று. எடிட், வெற்று. எடிட், வெற்று.” ஆறு கட்டங்கள். எது பெயருக்கு, எது வயதுக்கு, எது கைபேசி எண்ணுக்கு என்று குரல் சொல்லவில்லை. கட்டத்துக்கு மேலே எழுதியிருக்கிறது என்றார் தம்பி. எழுதியிருப்பது ஓரிடம், கட்டம் ஓரிடம். இரண்டையும் முடிச்சுப் போட்டு வைத்தால்தான் வாசிப்பான் சேர்த்துப் படிக்கும். அவர் சொல்லச் சொல்ல நான் நிரப்பினேன். அதற்குப் பிறகு வளைந்து நெளிந்த எழுத்துகள் கொண்ட, கேப்சா என்கிற ஒரு படம், அதில் இருப்பதைத் தட்டச்சு செய்யச் சொன்னது. ஒலியாகக் கேட்க வழி இல்லை. நான் அங்கே திகைத்து நிற்கும்போதே நேரம் முடிந்துவிட்டது, மறுபடி உள்நுழையுங்கள் என்று முதல் பக்கத்துக்கே தள்ளிவிட்டது.

தம்பி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “இதைப் பத்துத் தடவை சரிபார்த்தேன் அக்கா. எல்லாம் சரியாகத்தான் இருந்தது” என்றார்.

“கண்ணால் சரிபார்த்தாய்” என்றேன். குற்றமாகச் சொல்லவில்லை. எனக்கு அவர்மேல் அன்றும் கோபமில்லை, இன்றும் இல்லை. அவருடைய படிப்பில் யாரும் இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. பக்கத்தின் மூலையில் சக்கர நாற்காலிப் படம் போட்ட ஒரு பொத்தானை வைத்திருந்தார். அழுத்தினால் எழுத்து பெரிதாகும், நிறம் மாறும், ஒரு குரல் படிக்கும். அதை வாங்கி ஒட்டினால் மாற்றுத்திறனாளிகளுக்கான வசதி முடிந்தது என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். இந்தப் பொத்தானைப் பற்றி என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அதை ஒட்டினால் பெயரில்லாத படத்துக்குப் பெயர் வந்துவிடாது. படமாகிப்போன அட்டவணை எழுத்தாகிவிடாது. எனக்கு என் குரல் என் கணினியிலேயே இருக்கிறது. அந்தக் குரலுக்குப் படிக்க ஏதாவது கொடுங்கள் என்றுதான் நான் கேட்கிறேன்.

அன்றிலிருந்து புதன்கிழமை தோறும் மதியம் அவர் என் அறைக்கு வரத் தொடங்கினார். முதல் நாளே, என் பிரெய்லித் தாள்களை வாசித்துக் காட்டச் சொல்லிக் குறித்துக்கொண்டார். முகப்பில் என்ன இருக்க வேண்டும் என்பதற்கு அவருக்கு அதைவிட நல்ல வரைபடம் கிடைத்திருக்காது. மக்கள் எதைக் கேட்கிறார்கள் என்பதுதானே அதில் இருக்கிறது. ஐந்து படங்கள் போயின. அவற்றின் இடத்தில் ‘இன்று எந்த டாக்டர் இருக்கிறார்’, ‘பாம்பு கடித்தால்’, ‘பிரசவம்’, ‘ஸ்கேன், எக்ஸ்ரே’, ‘சர்க்கரை, பிரஷர் மாத்திரை’ என்று ஐந்து தலைப்புகள் வந்தன. இந்த முறை கணினிக்கும் அவை தலைப்புகள்தான்.

சொற்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழைய தளத்தில் ‘ஊடுகதிர்ப் படப் பிரிவு’ என்று இருந்தது. நல்ல தமிழ்தான். ஆனால் பத்தொன்பது ஆண்டுகளில் ஊடுகதிர் எங்கே எடுக்கிறார்கள் என்று ஒருவர்கூட என்னைக் கேட்டதில்லை. எக்ஸ்ரே என்பார்கள். ‘புறநோயாளிப் பதிவுச் சீட்டு’ என்பது மக்கள் வாயில் ஓ.பி. சீட்டு. அறிவுசார் குறைபாடு உள்ள மகனை மாதாமாதம் அழைத்து வரும் ஒரு தாய், “என் பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிப்பான். ஒரு வரியில் ஒரு விஷயம் இருந்தால் அவனே படித்து என்னிடம் சொல்வான், அதில் அவனுக்கு ஒரு பெருமை” என்றார். அவருக்காக வாக்கியங்களைச் சின்னதாக வெட்டினோம். அது வயற்காட்டிலிருந்து ஓடி வந்து அவசரத்தில் படிப்பவருக்கும் உதவியது.

அட்டவணை விஷயத்தில் தம்பி எனக்கு ஒரு பெரிய உதவி செய்தார். டாக்டர் வரும் நாட்களை எழுத்தாகத் தட்டி, வரிசைக்கும் பத்திக்கும் தலைப்பு கொடுத்தார். இப்போது கன்ட்ரோல், ஆல்ட் விசைகளோடு அம்புக்குறியை அழுத்தினால் குரல், “கண், செவ்வாய், காலை 9 முதல் 12” என்று கோத்துச் சொல்கிறது. முதல்முறை அதைக் கேட்ட அன்று நான் அந்த ஒரு கட்டத்துக்கே மூன்று தடவை திரும்பிப் போனேன். பத்தொன்பது ஆண்டுகளாக மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்த பதிலை ஒரு கணினி எனக்குச் சொன்னது அதுவே முதல் தடவை.

படிவத்தின் கட்டங்களுக்குப் பெயர் வந்தது. நெளிந்த எழுத்துப் படத்தை எடுத்துவிட்டுக் கைபேசிக்கு வரும் ஓடிபி எண்ணோடு நிறுத்திக்கொண்டார். நேரம் முடிவதற்குள் “இன்னும் நேரம் வேண்டுமா?” என்று கேட்க வைத்தார். இணையதளங்கள் எல்லாருக்கும் எட்டும்படி இருப்பதற்கான சர்வதேச நெறிமுறையான டபிள்யூசிஏஜியில் இதற்கு விதியே இருக்கிறது. நேரம் முடியப் போகிறது என்று எச்சரித்து, நீட்டித்துக்கொள்ளக் குறைந்தது 20 விநாடி கொடுக்க வேண்டும். பக்கம் தமிழில் இருக்கிறது என்று கணினிக்குத் தெரிவிக்கும் சின்னக் குறியும் பழைய தளத்தில் ஆங்கிலம் என்றே இருந்தது. சில ஆங்கிலக் குரல்கள் தமிழ் எழுத்தைக் கண்டால் வாயே திறக்காது. இரண்டு எழுத்தை மாற்றியதும் பக்கம் முழுவதும் பேசத் தொடங்கிவிட்டது.

மூன்றாம் வாரம் நான்தான் சொன்னேன், என்னை மட்டும் வைத்துக்கொண்டு இதை முடித்துவிடாதே என்று. எனக்குத் தெரிந்தது என் இருட்டு மட்டும். அதனால் மருத்துவமனைக்கு வந்து போகிறவர்களிலேயே இருவரை அழைத்தோம்.

முதலில் வந்தவர் ஒரு பெரியவர். கும்பகோணத்தை அடுத்த சாக்கோட்டையில் தொழுநோய்க்கென்றே ஒரு மருத்துவமனை உண்டு. அந்தப் பக்கத்துக்காரர். நோய் குணமாகி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஆனால் நரம்பு செத்து மடங்கிப்போன விரல்கள் மடங்கியபடியே இருக்கின்றன, நுனியில் உணர்ச்சி இல்லை. தொழுநோயிலிருந்து குணமானவர்களையும் 2016-ஆம் ஆண்டுச் சட்டம் மாற்றுத்திறனாளிகளாகவே கணக்கில் வைக்கிறது. அவர் கையைத் தொட்டுப் பார்க்க அனுமதி கேட்டேன். கொடுத்தார். உள்ளங்கை சொரசொரப்பாக இருந்தது. விரல்கள் கொக்கிபோல வளைந்திருந்தன. செல்போனில் அவர் சுட்டுவிரலின் கணுவால்தான் தட்டுகிறார். தட்டும் ஓசை எனக்குக் கேட்டது. டக். பிறகு ஒரு பெருமூச்சு. டக். ‘சரி’ என்ற பொத்தானும் ‘ரத்து’ என்ற பொத்தானும் ஒட்டிக்கொண்டிருந்தனவாம். நான்கு முறை நிரப்பி நான்கு முறையும் ரத்தாகிவிட்டது. “என் கைக்கு இது சரிப்படாது தாயி” என்றார். கையின்மேல் பழி போட்டார். அந்தக் கையோடு இரண்டு மா நிலத்தில் உழைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர் அவர். ஒரு பொத்தானுக்காக அந்தக் கையை அவர் குறை சொல்வதை என்னால் தாங்க முடியவில்லை. 2023-ல் வந்த டபிள்யூசிஏஜி 2.2 நெறிமுறையில் பொத்தானின் குறைந்தபட்ச அளவு 24-க்கு 24 பிக்சல். தம்பி அதைப் போல இரண்டு மடங்கு வைத்து, இரண்டுக்கும் நடுவே நல்ல இடைவெளி விட்டார். மறுவாரம் பெரியவர் வந்து ஒரே தட்டில் போட்டார்.

அடுத்து வந்தவர் வலங்கைமான் பக்கத்திலிருந்து ஒரு பெண். தையல் வேலை. பிறவியிலிருந்தே காது கேட்காது, வாய்ப் பேச்சும் இல்லை. எட்டாவது படிக்கும் மகளை உடன் அழைத்து வந்திருந்தார். அம்மா கையால் சொல்வதை மகள் எங்களுக்கு வாயால் சொன்னாள். எனக்கு அவர் கை தெரியாது, அவருக்கு என் குரல் கேட்காது. நடுவில் அந்தப் பிள்ளை.

பாம்புக்கடிப் பக்கத்தில் ஒரு காணொளி இருந்தது. டாக்டர் ஒருவர் பேசுவார். எனக்கு அது நன்றாகவே பயன்பட்டது. கடித்த இடத்தைக் கீறக்கூடாது, இறுக்கிக் கட்டக்கூடாது, கை காலை அசைக்காமல் உடனே கொண்டுவர வேண்டும், கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடித்தால் வலிகூடத் தெரியாமல் போகலாம், கண் இமை தானாகத் தொங்கினால் நஞ்சு ஏறுகிறது என்று பொருள் என்றெல்லாம் தெளிவாகச் சொல்வார். தையற்காரப் பெண் பார்த்துவிட்டுச் சொன்னதை மகள் சொன்னாள்: “ஒரு சார் வாயை அசைக்கிறார் என்று அம்மா சொல்கிறாள்.” கீழே எழுத்து ஓடவில்லை. எத்தனையோ முறை கேட்டும் அதை நான் கவனித்திருக்க முடியாது.

பிறகு அவர் பக்கத்தின் அடிவரைக்கும் போனார். எல்லாப் பக்கங்களின் அடியிலும் ஒரே வரி இருந்தது. ‘மேலும் விவரங்களுக்கு அழைக்கவும்’ என்ற வரி, அதையடுத்து ஓர் எண். என் பலகையின் எண்.

மகள் சொன்னாள்: “யாரை அழைப்பது, எப்படி அழைப்பது என்று அம்மா கேட்கிறாள்.”

எனக்கு அந்த இடத்தில் நெஞ்சு ஒரு கணம் நின்றுவிட்டது. இந்த வட்டாரத்தின் எல்லாக் கேள்விகளும் என் காது வழியாகத்தான் போகின்றன என்று நான் நம்பியிருந்தேன். என் பிரெய்லித் தாள்களில் எல்லாருடைய தேவையும் இருக்கிறது என்று தம்பியிடம் எவ்வளவு நம்பிக்கையோடு கொடுத்தேன்! காது கேளாத ஒருவரின் கேள்விகூட அதில் இல்லை. பத்தொன்பது ஆண்டுகளில் அவர்களிடமிருந்து ஓர் அழைப்புகூட வந்ததில்லை. வந்த அழைப்புகளை எண்ணியிருக்கிறேன். வராதவற்றைப் பற்றி நினைத்ததே இல்லை. படமாகிப்போன அட்டவணை எனக்கு எதுவோ, அதுவாக நான் அவர்களுக்கு இருந்திருக்கிறேன்.

அன்று அவர் உண்மையில் எதற்காக வந்தார் என்பது கடைசியில்தான் தெரிந்தது. மகளை வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொன்னார். அவள் போனதும் தம்பியின் மடிக்கணினியில் மெதுவாகத் தட்டினார். என் வாசிப்பான் படிக்கவில்லை, பக்கத்து வார்டு நர்ஸ் அக்காவை அழைத்துப் படிக்கச் சொன்னோம். பெண்களுக்கே உரிய ஓர் உபாதை. எட்டு மாதமாக இருக்கிறது. மகள் மூலமாகக் கேட்க மனம் வரவில்லை. அதனால் எட்டு மாதமாக யாரையும் கேட்கவில்லை. நர்ஸ் அக்கா அன்றே அவரை அழைத்துப்போய் டாக்டரிடம் காட்டினார்.

அதற்குப் பிறகு ஒரு வேலையும் என் கண்ணுக்குச் சின்னதாகப் படவில்லை. பலகைக்குப் பக்கத்தில் ஒரு கைபேசி வேண்டும், அதற்கு எழுத்தாகச் செய்தி அனுப்பினால் நான் வாசிப்பான் வழியே கேட்டு எழுத்தாகவே பதில் சொல்வேன் என்று எழுதிக் கொடுத்தேன். அனுமதி வர நான்கு மாதம் ஆயிற்று. இடையில் ஒருவர், “இதையெல்லாம் எத்தனை பேர் பயன்படுத்தப் போகிறார்கள்?” என்று கேட்டார். 2011 மக்கள்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டில் மட்டும் மாற்றுத்திறனாளிகள் 11.79 லட்சம் பேர் என்றேன். சர்க்கரையால் பார்வை மங்கிய உங்கள் அப்பா அதில் இருக்கமாட்டார் ஐயா, அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் அப்பா மாதாமாதம் எனக்குப் போன் செய்பவர்.

சட்டத்தையும் கையில் வைத்துக்கொண்டுதான் பேசினேன். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு, மின்னணு வழியில் வரும் தகவல்கள் எங்களுக்கு எட்டும் வடிவில் இருக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. கொரோனா இரண்டாம் அலையின்போது, 2021 மே 31 அன்று, உச்ச நீதிமன்றம், தடுப்பூசி முன்பதிவுக்கான கோவின் தளத்தைப் பார்வையற்றவர்களால் பயன்படுத்த முடியவில்லை என்று தன் உத்தரவிலேயே பதிவு செய்தது. ஒலிவடிவ கேப்சா இல்லை, விசைப்பலகையால் நகர முடியவில்லை, அவகாசம் போதவில்லை என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னது. மருத்துவமனை ஊழியர் என்பதால் எனக்கு ஊசி இங்கேயே கிடைத்துவிட்டது. என்னோடு பள்ளியில் படித்தவர்கள் அந்த நாட்களில் பலகைக்கு அழைத்து, “நேரில் வந்தால் போடுவார்களா?” என்று கேட்டது நினைவிருக்கிறது. பிறகு 2024 நவம்பர் 8 அன்று அதே நீதிமன்றத்தில் ராஜீவ் ரதுரி என்பவர் தொடுத்த வழக்கில், மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக வைத்திருப்பது சட்டத்துக்கு முரண், கட்டாய விதிகளாக்குங்கள் என்று உத்தரவு வந்தது. 2025 ஏப்ரல் 30 தீர்ப்பு இன்னும் ஒரு படி மேலே போய், இணையச் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது. இவ்வளவும் கையில் இருந்தும், அலுவலகத்தில் மனம் மாறியது அந்தத் தையற்காரப் பெண் விஷயத்தை நர்ஸ் அக்கா போய்ச் சொன்ன பிறகுதான் என்று நினைக்கிறேன்.

இன்னும் பாக்கி நிறைய. பாம்புக்கடிக் காணொளியில் இப்போது எழுத்து ஓடுகிறது, ஆனால் சைகை மொழியில் எடுக்கவில்லை. பள்ளிப் படிப்பு சரியாகக் கிடைக்காத காது கேளாதவர்கள் பலருக்குத் தமிழ் எழுத்தே இரண்டாம் மொழிபோலக் கடினம். அவர்களுக்கு ஓடும் எழுத்து போதாது. முகாமில் இடம் இருக்கிறதா என்பதைப் பச்சைப் புள்ளி, சிவப்புப் புள்ளியால் காட்டியிருந்தார்கள். பக்கத்தில் ‘இடம் உண்டு’, ‘நிரம்பியது’ என்று எழுதச் சொல்லியிருக்கிறேன். பச்சையும் சிவப்பும் பிரித்துத் தெரியாத ஆண்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். போன மாதம் புதிதாக மாறுதலில் வந்த ஒருவர், டாக்டர் விடுப்பு அறிவிப்பை மறுபடியும் படமாக எடுத்து ஏற்றிவிட்டார். காலையில் “வெற்று” என்று கேட்டதும் நான் அவருடைய எக்ஸ்டென்ஷனுக்கு அடித்தேன். அவர் இறங்கி என் அறைக்கு வந்தார். திரையை அணைத்துவிட்டு அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்க வைத்தேன். அரை மணி நேரத்தில் எழுத்தாக மாற்றிவிட்டார்.

கைபேசி வந்து ஏழு வாரம் ஆகிறது. தை அறுவடை நேரம் என்பதால் பலகை ஓயாமல் அடித்துக்கொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை, அது மேசையில் அதிர்ந்தது. எடுத்துக் காதில் வைத்தேன்.

“நாளை ஸ்கேன். சாப்பிடலாமா?”

எந்த ஸ்கேன் என்று தட்டினேன். வயிறு முழுவதற்குமா, கர்ப்பப்பைக்கு மட்டுமா?

“கர்ப்பப்பை.”

அப்படியானால் சாப்பிட்டுவிட்டு வரலாம், ஆனால் ஒரு மணி நேரம் முன்பே நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுச் சிறுநீர் கழிக்காமல் வாருங்கள், பத்து மணிக்கு, ஒன்பதாம் எண் அறை என்று எழுதினேன். அனுப்பிவிட்டு, ‘மகளுக்குப் பள்ளி இருக்குமே, யார் உடன் வருகிறார்கள்?’ என்று இன்னொரு வரியும் தட்டினேன்.

பதில் உடனே வந்தது.

“நான் மட்டும்.”